கஜுப் பாடம்: கைபேசியிலா, மரத்தடியிலா?

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பக்கம் இரண்டு ஏக்கரில் கஜு (மரமுந்திரிகை) ஒட்டுக்கன்றுகள் வைத்து ஆறு வருடங்களாகின்றன. பராமரிப்பைக் கற்க எனக்கு வாய்த்தவை இரண்டு வழிகள். ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இணையத்தில் தமிழிலேயே போட்டிருக்கும் கையேடு. மற்றது, உத்தியோகத்தர்கள் தோட்டத்துக்கே வந்து நடத்தும் செய்முறைப் பயிற்சி. இரண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: என் மனம் மரத்தடிப் பக்கம்தான் சாய்கிறது.

கையேட்டைக் குறை சொல்ல வரவில்லை. காசில்லை, இரவு பத்து மணிக்கும் திறந்து பார்க்கலாம். 7 மீட்டருக்கு ஒரு கன்று என்ற கணக்கை அதிலிருந்துதான் எடுத்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் கஜு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் விருத்தாசலத்துக்கும் எங்களைப் போல வடகீழ்ப் பருவமழையே பிரதானம் என்பதால், அங்கே சொல்லும் பசளைக் காலம் இங்கேயும் ஓரளவு பொருந்துகிறது. கர்நாடகத்துப் புத்தூரிலும் பெரிய கஜு ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆனால் அங்கே மழை தென்மேற்கிலிருந்து வருவதால் அந்த நாட்காட்டி நமக்கு உதவாது. கையேட்டில் தழைச்சத்து என்றால் நைதரசன் என்று பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கஜு. நமது கடையில் முந்திரிகை கேட்டால் திராட்சையைத்தான் நிறுப்பார்கள்.

எல்லாம் சரி, அடிமரத்தைக் குடையும் தண்டு துளைப்பான் புழு வரும்வரை.

மாதம் ஒருமுறை அடிமரத்தைப் பார்க்கும்படி கையேட்டில் எழுதியிருந்தது. வாசித்தேன், பார்த்தும் வந்தேன். எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. இலை மஞ்சளித்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினேன். நான்கு மரங்கள் போயின.

பயிற்சிக்கு வந்த உத்தியோகத்தர் ஐந்தாவது மரத்தின் அடியில் குந்தி, மண்ணைக் கையால் ஒதுக்கினார். வேர் தொடங்கும் இடத்தில், பிசினோடு கலந்து மரத்தூள் போல ஏதோ ஒட்டியிருந்தது. "அண்ணன், இதை மண் என்று நினைத்தீர்களா?" என்றார். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். உளியால் பட்டையைச் சீவி, சுரங்கம் போன வழியே போய், சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளைப் புழுவொன்றை வெளியே எடுத்தார். பிறகு உளியை என் கையில் தந்து, அடுத்த மரத்தைக் காட்டினார். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கைப்பிடியில்தான் தெரிந்தது. சீவிய இடத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் பூசினோம். சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை போய்விட்டால் மரத்தைப் பிடுங்கி அகற்றுவதே மேல் என்றார்.

குறையும் உண்டு. அரைநாள் வேலை கெடும். நாம் விரும்பும் நாளில் பயிற்சி நடக்காது. ஒட்டுக்கட்டவும் சொல்லித் தந்தார்கள், ஆனால் நான் கட்டியவை பத்துக் கன்றுகள்தான். அதை வைத்து அபிப்பிராயம் சொல்ல மாட்டேன். என்னுடையது கடலோர மணல் நிலம், கந்தளாய் மண்ணில் வைத்திருப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

பயிற்சிக்குக் கேட்பவர்கள் கமநல சேவை நிலையத்திலோ மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்திலோ விசாரித்து, மண்டபத்தில் நடப்பதா தோட்டத்தில் நடப்பதா என்பதை முதலில் கேளுங்கள். தோட்டமென்றால், நோய்ப்பட்ட மரமொன்று உள்ள தோட்டமாகப் பாருங்கள். என்னுடையதற்கு வந்தாலும் சரி, ஏழாவது வரிசையில் ஒன்று இருக்கிறது.