எண்பது பக்க நோட்டு: வீட்டுக்கு வந்த செவிலியர் சேவையைப் பற்றி

தலையில் அடிபட்டு அறுவை சிகிச்சை முடிந்த என் அண்ணனைச் சேரன்மகாதேவியில் உள்ள எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்காக, பாளையங்கோட்டையிலிருந்து இயங்கும் ஒரு வீட்டுச் செவிலியர் சேவையைத் தை முதல் ஆனி வரை பயன்படுத்தினோம். அதைப் பற்றிய மதிப்பீடு இது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் பாராட்டப்போவது அங்கே வேலை பார்த்த ஒரு சிஸ்டரை. குறை சொல்லப்போவது அவரை அனுப்பிய அதே அலுவலகத்தை. இரண்டையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் எழுதினால், படித்துவிட்டு அங்கே தொலைபேசியில் அழைப்பவருக்கு அந்தச் சிஸ்டர்தான் வருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அண்ணன் ஹெல்மெட் அணியாமல் இருசக்கர வாகனத்தில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து திரும்பி வரும்போது விழுந்தார். 108 வண்டி அவரை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் இருப்பதால் அன்றிரவு பணத்துக்கு ஓடவேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை. மூளையின் மேலுறைக்கு அடியில் கட்டியிருந்த இரத்தத்தை அகற்றிய மருத்துவர்கள், வீங்கிய மூளைக்கு இடம் வேண்டும் என்பதற்காக இடப்பக்க மண்டையோட்டில் உள்ளங்கை அளவு எலும்பை எடுத்து, அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். பிறகு திரும்பப் பொருத்துவதற்காகச் செய்வதுதான் இது என்றாலும், பார்க்க வந்த உறவினர்களுக்கு இதைச் சொல்லி நம்பவைப்பதற்குள் மயினிக்கு (அண்ணனின் மனைவிக்கு) தொண்டை வறண்டுவிட்டது. 34 நாட்கள் கழித்து டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது மூக்கு வழியே உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் போட்டு இப்போது மூடிக்கொண்டிருக்கும் துளை, அசையாத வலது கை, கால் ஆகியவற்றோடு அண்ணன் வீடு வந்தார். கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: நோயாளி ஆணா பெண்ணா, எடை எத்தனை கிலோ. மூளையில் என்ன காயம், வலிப்பு வந்ததா, குழாய்கள் எத்தனை என்று கேட்கவில்லை. 24 மணி நேரமும் உடனிருக்கும் உதவியாளருக்கு மாதம் 24,000 ரூபாய், வாரம் இருமுறை வந்துபோகும் சிஸ்டருக்கு ஒரு தடவைக்கு 700 ரூபாய், வைப்புத்தொகை 10,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். விளம்பரத்தில் எல்லோரையும் 'நர்ஸ்' என்றே குறிப்பிடுகிறார்கள். வீட்டோடு தங்குபவர் பெரும்பாலும் சில வாரங்கள் பழகிய உதவியாளர். மூன்றாண்டு டிப்ளமோ அல்லது நான்காண்டு பட்டம் படித்து மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் செவிலியர். உதவியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவரில்லாமல் மயினி ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்கமாட்டார். ஆனால் எதற்காக எவருக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

சிஸ்டர் முதன்முதலாக வந்த நாளை விரிவாகச் சொல்லவேண்டும். கை கழுவிவிட்டு வந்தவர் கட்டிலின் இடப்பக்கமாகப் போய் நின்றார். இடது மூளை அடிபட்டவருக்கு வலப்பக்கப் பார்வையும் கவனமும் குறைந்திருக்கக்கூடும் என்பதால், அவர் காணக்கூடிய பக்கத்திலிருந்துதான் முதலில் பேசவேண்டும் என்று பிறகு விளக்கினார். நாங்கள் அதுவரை வலப்பக்கம் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். "அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டைல இருந்து வந்திருக்கேன், ஒங்க கையத் தொடப் போறேன்" என்று சொல்லி, சற்றுப் பொறுத்து, அதன் பிறகே தொட்டார். புருவத்துக்கு மேலே மெதுவாக அழுத்தியபோது அண்ணனின் இடது கை எழுந்து வந்து அவர் விரலைத் தட்டிவிட்டது. சிஸ்டர் சிரித்துக்கொண்டே, மயினியிடம் ஒரு 80 பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதியது: கண் 4, பேச்சு 2, அசைவு 5, மொத்தம் 11. நோயாளியின் நினைவுநிலையை அளக்க, கிளாஸ்கோவில் 1974-ஆம் ஆண்டு உருவான அளவுகோல் இது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15, எதுவுமே இல்லாத நிலையில்கூட 3. மருத்துவமனைத் தாள்களில் இந்த எழுத்துகளையும் எண்களையும் பார்த்திருந்தோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவர் உட்கார்ந்து, 'பேச்சு 2 என்றால் பொருளில்லாத ஒலி, 3 என்றால் தொடர்பில்லாத சொல்' என்று மயினிக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அவை எங்கள் கைக்கு வந்தன. அன்று முதல் காலையும் மாலையும் மயினி எண் போட்டார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் போட்ட எண்ணும் சிஸ்டர் போட்ட எண்ணும் ஒன்றுக்கு மேல் வேறுபட்டதில்லை.

படுக்கையைப் பற்றிய அறிவுரைகள் எளிமையானவை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எலும்பில்லாத இடப்பக்கம் தலை அழுந்தக்கூடாது; ஆகவே மல்லாந்தும் வலப்பக்கமாகவும் மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிப் படுக்கவைக்க முடியும். இரண்டே நிலைகள் என்பதால் இடுப்புக்குப் பின்புறமும் வலது இடுப்பெலும்பும் குதிகாலும் இருமடங்கு பாரம் தாங்கும். கெண்டைக்காலுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்தச் சொன்னார். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும், வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்றார். ஏர் பெட் போட்டுவிட்டால் புரட்டவே தேவையில்லை என்று எங்களுக்கு அதை விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார்; அது தவறு. அதிலும் பங்குனி வெயிலில் மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிட்டால் ஏர் பெட் வெறும் ரப்பர் விரிப்புதான். தலைமாட்டை 30 பாகை உயர்த்தி வைப்பது, செயலற்ற வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காமல் இருப்பது, சிறுநீர்ப் பையைக் கட்டில் மட்டத்துக்குக் கீழேயே தொங்கவிடுவது ஆகியவற்றையும் கையால் செய்து காட்டினார். ஐந்து மாதத்தில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை.

உணவு விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் அதிகச் சச்சரவு நடந்தது. குழாய் வழியே கொடுக்கும் கஞ்சிக்கு முன் வயிற்றில் தேங்கியிருப்பதை இழுத்துப் பார்ப்பது, கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் சாய்க்காமல் வைப்பது இவையெல்லாம் பழகிவிட்டன. மூன்றாம் மாதம் விழுங்கும் பயிற்சி தொடங்கியபோது, அண்ணனுக்குப் பிடித்த சொதியில் நாலு ஸ்பூன் ஊட்டலாமா என்று மயினி ஆசையாகக் கேட்டார். சிஸ்டர் மறுத்துவிட்டார். நீர்த்த பொருள் நாக்கிலிருந்து வேகமாக ஓடிவிடும்; மெதுவாக மூடும் தொண்டை அதற்கு ஈடுகொடுக்காமல் மூச்சுக்குழாய்க்குள் விட்டுவிடும்; இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் போவதும் உண்டு. ஆகவே மசித்த கதலிப்பழம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் என்ற வரிசையில் தொடங்கினோம். இதற்கிடையே டவுனிலிருந்து பார்க்க வந்த பெரியவர் ஒருவர், அன்பு மிகுதியால் அல்வாவில் ஒரு விள்ளலை அண்ணனின் வாயருகே கொண்டுபோய்விட்டார். அவர் கையை நான் பிடித்துத் தடுத்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி அலுவலகத்தின் குறைகள். ஐந்து மாதத்தில் நான்கு உதவியாளர்கள் மாறினார்கள். இந்த வேலையின் கூலியும் உறக்கமின்மையும் தெரிந்தவன் என்பதால் மாறுவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு அலுவலகம் அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை என்பதே குறை. இரண்டாவதாக வந்த தம்பி, வலிப்புக்கான ஃபெனிடாயின் மருந்தைக் கஞ்சியோடு கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். குழாய் உணவோடு சேர்ந்தால் அந்த மருந்து உடலில் சரியாக ஏறாது. அதற்கு முன்னும் பின்னும் உணவை நிறுத்தி இடைவெளி விடவேண்டும் என்று நோட்டின் மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, திறக்கச் சொல்லி யாரும் அவரை அனுப்பவுமில்லை. ஐந்தாம் நாள் அண்ணனுக்கு ஃபிட்ஸ் வந்தது. தம்பி பதறிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்தார். மயினி அதைப் பிடுங்கி வீசிவிட்டு, சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தபடி எலும்பில்லாத பக்கம் அழுந்தாமல் வலப்பக்கம் ஒருக்களித்து, வாயில் எதையும் வைக்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது.

மூன்றாவது ஆள் செய்தது இதைவிட வருத்தம் தந்தது. மூளைக்காயம் ஆறிவரும் காலத்தில் குழப்பமும் கோபமும் மிகுந்து, கண்டதைப் பிடுங்கி எறிகிற ஒரு கட்டம் பலருக்கு வரும். அண்ணனுக்கும் வந்தது. ஒருமுறை உணவுக் குழாயை உருவிப் போட்டுவிட்டார். மறுநாள் விடியலில் நான் பார்த்தபோது அவருடைய இடது கை கட்டில் சட்டத்தோடு ஈரிழைத் துண்டால் கட்டப்பட்டிருந்தது. மணிக்கட்டில் தடித்த கோடு விழுந்திருந்தது. அலுவலகத்துக்குத் தெரிவித்தபோது, "அடங்காத பேஷண்ட்னா அப்படித்தான் சார்" என்றார்கள். சிஸ்டர் வந்து கட்டை அவிழ்த்தார். ஒரு பழைய காலுறைக்குள் பஞ்சு வைத்துக் கையுறைபோல் மாட்டினார். தொலைக்காட்சியை அணைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அறைக்குள் இருக்கலாம் என்றார். அதோடு சிறுநீர்க் குழாய் உறுத்துகிறதா, மலச்சிக்கலா, வலியா என்று ஒவ்வொன்றாகத் தேடினார். மலம் கழிந்து நான்கு நாளாகியிருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் கையால் சொல்லியிருக்கிறார். நாங்கள் அந்தக் கையைக் கட்டியிருக்கிறோம்.

இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் அத்தனையும் தகும் என்று நான் நினைப்பது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமைக்காகத்தான். அதற்கு முந்தைய வாரம் 12 வரை ஏறியிருந்தார். சிஸ்டர் வந்ததும் வழக்கம்போல் நோட்டைத் திறந்தார். ஞாயிறு 12, திங்கள் 11, செவ்வாய் காலை 10. எழுதியவர்கள் நாங்கள்தான், இரவு உறங்கவில்லை, அதனால் மந்தமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். சிஸ்டர் அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்து, எலும்பில்லாத இடத்தின் தோலில் விரல் நுனியை வைத்தார். உட்கார்ந்தால் உள்வாங்கிக் குழியவேண்டிய இடம், அன்று புடைத்து விறைப்பாக இருந்தது. அவர் பதறவில்லை. வண்டி வைத்து இப்போதே ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள், நோட்டையும் எடுத்துப் போங்கள் என்றார். ஸ்கேனில் மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கி வீங்கியிருந்தது தெரிந்தது. மறுநாள் அந்த நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாயை உள்ளே பொருத்தினார்கள். பணியிலிருந்த மருத்துவர் மயினியின் கையெழுத்திலிருந்த அந்த மூன்று வரிகளை இரண்டுமுறை படித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்போது அண்ணன் 14-இல் இருக்கிறார். எலும்பைத் திரும்பப் பொருத்தியாகிவிட்டது. சொற்கள் முழுதாக வரவில்லை. சாவி என்று சொல்ல நினைத்து 'தண்ணி' என்கிறார், தவறு என்று அவருக்கே தெரிந்து எரிச்சல்படுகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார், அதற்குச் செலவில்லை.

இத்தகைய சேவையைத் தேடுகிறவர்கள் மாதக் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன், பதிவு பெற்ற செவிலியர் வாரத்தில் எத்தனை முறை வருவார், ஒவ்வொரு முறையும் அதே ஆள்தானா, உதவியாளர் மாறும் நாளில் அவரும் உடன் இருப்பாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு எங்கள் நிறுவனத்திடம் பதில் இருந்ததில்லை. சிஸ்டருக்கு ஐந்துக்கு ஐந்து. அலுவலகத்துக்கு ஒன்றரை, அந்த அரையும் பில் ஒழுங்காகக் கொடுத்ததற்காக. வைப்புத்தொகையில் 8,000 ரூபாய் திரும்ப வந்துவிட்டது. மீதி 2,000 ரூபாயை 'ஆள் மாற்றிய செலவு' என்று பிடித்திருக்கிறார்கள். எந்த ஆளை, எதற்காக மாற்றினோம் என்பதை நோட்டின் பக்கங்களோடு படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.