கொழும்பு வீட்டுக்கு 55 அங்குல டிவி

வெள்ளவத்தை, தெகிவளை அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறைக்கு 55 அங்குல 4கே டிவி அளவானது. திரையின் அகலம் ஏறத்தாழ 4 அடி. 7 அடி தள்ளி இருந்தால் போதும். 10 அடி இடமிருந்தால் 65 எடுங்கள்.

கடையில் கண்ணைப் பறிப்பது, நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டும் 'விவிட்' மோட். ரிமோட்டைக் கேட்டு வாங்கி 'சினிமா'வுக்கு மாற்றுங்கள்; முகத்தின் உண்மையான நிறம் அப்போதுதான் தெரியும். பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். திரைப் பனலில் விஏ, ஐபிஎஸ் என இரு வகை உண்டு. விஏ பனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் ஓரத்தில் இருப்பவருக்கு நிறம் வெளிறும். ஐபிஎஸ் நேர்மாறு. குடும்பமாகச் சுற்றியிருந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ்தான் என் தெரிவு.

சாதாரண அன்டனா அலைவரிசைகள் பெரிய திரையில் மங்கலாகத்தான் வரும். அது டிவியின் பிழையல்ல. படம் பார்க்கும்போது, அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூதிங்'கை நிறுத்திவிடுங்கள். கிரிக்கெட்டுக்குக் கொஞ்சம் வைக்கலாம்.

கடற்பக்க யன்னலுக்கு எதிரே மாட்டவே வேண்டாம். உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும், வெளிச்சமும் திரையில் தெறிக்கும். ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னல் நேரத்தில் சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள். அந்த வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வந்து போர்டை எரித்துவிடும்.