எச்ஐவி மருத்துவம் படிக்க: இக்னோ டிப்ளமாவா, வாஷிங்டன் இணையப் பாடமா?

எம்பிபிஎஸ் முடித்து எச்ஐவி சிகிச்சைப் பக்கம் வர நினைப்பவர்கள் இந்த இரண்டில் எது என்று கேட்பார்கள்.

இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமா, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவோடு சேர்ந்து உருவாக்கிய ஓராண்டுப் படிப்பு. கட்டணம் உண்டு, தேர்வும் உண்டு. ஆனால் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பகுதியும் இருக்கிறது. அதுதான் இதன் பலம். இந்த ஆண்டு சேர்க்கை நடக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தேசிய எச்ஐவி பாடத்திட்டம் முழுக்க இலவசம். பரிசோதனை, மருந்துகள், தடுப்பு என ஆறு பகுதிகள், கூடவே ஒரு கேள்வி வங்கி. இரவு டியூட்டிக்கு நடுவே செல்போனிலேயே படிக்கலாம். பால்வினை நோய்களுக்கும் தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அது அமெரிக்க வழிகாட்டுதலில் நிற்கிறது. வெள்ளைப்படுதலோடு வரும் பெண்ணுக்கு அங்கே ஆய்வகச் சோதனை. நம் அரசு மருத்துவமனையிலோ அறிகுறியை வைத்தே எந்த மருந்துத் தொகுப்பைத் தருவது, சாம்பல் நிற கிட்டா, பச்சை நிற கிட்டா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். இதை எந்த அமெரிக்கப் பாடமும் சொல்லித் தராது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை தரவேண்டும் என்பதை இணையத்திலேயே படித்துவிடலாம். அதை நோயாளியிடம் புரியவைப்பது வேறு வித்தை.

என்னைக் கேட்டால், இன்றிரவே இணையப் பாடத்தைத் தொடங்குங்கள். எச்ஐவிக்குக் கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் வேலை பார்ப்பதுதான் திட்டம் என்றால், அப்புறம் டிப்ளமாவுக்கு விண்ணப்பியுங்கள்.