ஆஸ்திரேலியாவில் உடற்பயிற்சி அறிவியல் பட்டப்படிப்பு: ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் 3 ஆண்டு உடற்பயிற்சி அறிவியல் இளநிலைப் பட்டம் தரமான படிப்புதான். ஆனால் விளம்பரக் கையேடுகள் அடுக்கும் வேலைகளில் பலவற்றை அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு எட்ட முடியாது. சிட்னியில் இதைப் படித்து, மேற்கொண்டு மருத்துவ உடற்பயிற்சிப் பிரிவிலும் தேறி, இன்று நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கு உடற்பயிற்சி வழியே சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில் படிப்பையும் அது தரும் வேலைகளையும் சேர்த்தே எடைபோடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எஸ்ஸா (ESSA) என்ற, இத்துறையினரின் தொழில்முறை அமைப்பு வகுத்த தரநிலைகளின்படியே பாடத்திட்டம் அமைவதால், அதன் அங்கீகாரம் பெற்ற இடங்களில் அடிப்படைப் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல் ஆகியவை தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. விளையாட்டு ஆர்வத்தை மட்டும் நம்பிச் சேர்ந்தவர்கள் திணறுவது இங்கேதான். உடல் அசைவுகளின் விசைகளை ஆராயும் உயிர்விசையியல், இயக்கக் கட்டுப்பாடு, உளவியல், ஊட்டச்சத்து ஆகியவை அடுத்தடுத்துச் சேர்கின்றன. ஊட்டச்சத்துப் பாடம் மேலோட்டமானது. அதைப் படித்ததால் யாரும் உணவியல் வல்லுநர் ஆகிவிட முடியாது.

கொடுத்த கட்டணத்துக்குப் பலன் கிடைக்கும் இடம் ஆய்வகம். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். முதலில் 3 லிட்டர் சிரிஞ்சினால் கருவிக்குள் காற்றைச் செலுத்தி, அது சரியாக அளக்கிறதா என்று மாணவரே பார்க்க வேண்டும். அந்த வேலையில் அலட்சியம் காட்டினால் பிறகு வரும் எண்கள் எதற்கும் உதவா. ஓடுபவரின் மூக்கில் கிளிப்பும் வாயில் குழாயும் பொருத்தி, டிரெட்மில்லின் வேகத்தையோ சாய்வையோ படிப்படியாகக் கூட்டுவார்கள். வாய் அடைபட்டிருப்பதால் அவரால் பேச இயலாது. 6 முதல் 20 வரை எண்ணிட்ட போர்க் அளவுகோல் அட்டையில் தமக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை விரலால் சுட்டிக்காட்டுவார். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உட்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1.1-ஐத் தாண்டி, இதயத்துடிப்பும் உச்சத்தைத் தொட்டு, விரல் நுனியில் எடுத்த ரத்தத்துளியில், கடும் உழைப்பின்போது தசைகளில் உருவாகும் லாக்டேட்டும் ஏறியிருந்தால், அவர் உண்மையிலேயே எல்லைவரை ஓடியிருக்கிறார் என்று கொள்ளலாம். தோலடிக் கொழுப்பை அறியத் தோல்மடிப்பை அளப்பதும் இப்படித்தான்: விரல்கள் பிடித்த இடத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிக் காலிப்பர் என்ற அளவிடும் இடுக்கியை வைத்து, 2 விநாடி கழித்து அளவைப் படிக்க வேண்டும். இந்த ஒழுங்கு கைக்குப் பழகிவிடுவதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

களப்பயிற்சிக்கு அப்படித் தர முடியவில்லை. அங்கீகாரம் பெற்ற உடற்பயிற்சி அறிவியலாளராகப் பதிய 140 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். நல்ல இடம் கிடைத்தவர் இதய நோயாளிகளின் மறுவாழ்வு வகுப்பில் கற்றுக்கொண்டார். மற்றவர், என்னையும் சேர்த்து, உடற்பயிற்சிக் கூடத்தில் எடைத்தட்டுகளைத் துடைத்து அடுக்கியே நேரக்கணக்கை நிரப்பினார். இடம் தேடும் பொறுப்பில் பெரும்பகுதியை நிர்வாகம் மாணவர் தலையிலேயே கட்டியது.

இனி வேலைகள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பிய ஆஸ்திரேலியா, 1981-இல் கான்பெராவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அன்றிலிருந்து விளையாட்டு அறிவியலுக்கு இந்த நாட்டில் தனி மவுசு உண்டு. கையேட்டு அட்டைகளை அலங்கரிப்பதும் அந்தக் கனவுதான். ஆனால் தொழில்முறைக் கிளப்புகளில் இடங்கள் சொற்பம், போட்டியோ கடுமை; சம்பளமில்லாமல் பணியாற்றிக் காத்திருப்பவர்கள் பலர். பட்டத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடங்களிலோ பணியிட உடல்நலத் திட்டங்களிலோ சேர்கிறார்கள். ஆசிரியப் பணிக்கோ பிசியோதெரபிக்கோ இதைப் படிக்கட்டாக்கிக்கொள்வோரும் உண்டு. அதற்கு மேலும் சில ஆண்டுகள் படித்தாக வேண்டும்.

உறுதியான வழி மருத்துவ உடற்பயிற்சித் துறை. அதற்குக் கூடுதல் படிப்பும் இன்னும் 360 மணி நேரக் களப்பயிற்சியும் தேவை. 2006 முதல் இத்துறையினரின் சேவைக்கு, அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் உதவித்தொகை உண்டு. ஆனால் நாட்பட்ட நோயுள்ளவருக்கு ஆண்டுக்கு 5 அமர்வுகள்தாம். பாத மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோரிடம் செல்வதும் அந்த ஐந்தில்தான் அடங்கும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக 8 குழு அமர்வுகள் உண்டு. என் நாட்காட்டியை நிரப்புபவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டத்தினரும் பணியிடக் காயம் பட்டவர்களும்தாம். பிசியோதெரபிஸ்டுகளைப்போல் நாங்கள் அரசுப் பதிவு வாரியத்தின் கீழ் வருவதில்லை. பதிவும் கண்காணிப்பும் எஸ்ஸாவின் பொறுப்பு. குடும்பத்தாருக்கு இதை விளக்குவதுதான் பெரும்பாடு.

மேற்கு சிட்னியில் தமிழ் பேசத் தெரிந்திருப்பது தனிப் பலம். தெற்காசியர்களிடையே நீரிழிவு இளவயதிலேயே வருவதால் நம்மவர்கள் நிறையவே வருகிறார்கள். “தம்பி, நான் நாள் முழுக்க வீட்டு வேலை செய்யிறன்தானே, அது காணாதா?” என்று கேட்கும் யாழ்ப்பாணத்து அம்மாவிடம், காணாது என்று சொல்லி, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்கார வைப்பதில் தொடங்குகிறது என் வேலை.

மருத்துவப் பிரிவுதான் இலக்கு என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் 3 ஆண்டுப் பட்டத்தைத் தவிர்த்து, மருத்துவப் பிரிவையும் உள்ளடக்கிய 4 ஆண்டுப் படிப்பிலேயே சேர்வது நல்லது. பிறகு தனியாக விண்ணப்பிக்கும்போது இடங்கள் குறைவு, மதிப்பெண் போட்டியும் உண்டு. பணம் கட்டுமுன், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு எஸ்ஸா எந்த நிலையில் அங்கீகாரம் வழங்கியிருக்கிறது என்பதை அதன் பட்டியலிலேயே நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.