ரூகர் மார்க் 4 22/45 லைட்: உதிரிபாகங்கள் மாற்றி ஓராண்டு

அமெரிக்காவில் பிற நிறுவனங்களின் உதிரிபாகங்களைச் சேர்த்துத் தனக்கேற்ற கைத்துப்பாக்கியை அமைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் 1911 வகையையோ கிளாக்கையோதான் நாடுவார்கள். நான் அவ்விரண்டையும் விட்டு, .22 (0.22 அங்குல விட்டமுள்ள சிறு) தோட்டா சுடும் ரூகர் மார்க் 4 22/45 லைட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டீல் சேலஞ்ச் போட்டியே அதற்குக் காரணம். 1981இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இப்போட்டியில் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஐந்து எஃகுத் தகடுகளைச் சுட வேண்டும். குறிப்பிட்ட ஒரு தகட்டைக் கடைசியாகச் சுட்டால்தான் கடிகாரம் நிற்கும். .22 பிரிவில் உறையிலிருந்து துப்பாக்கியை உருவ வேண்டியதில்லை என்பதால், தகட்டுக்குத் தகடு கை நகரும் வேகமும், சுட விரலால் இழுக்கும் விசையின் தன்மையுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

ரூகர் நிறுவனத்தின் முதல் தயாரிப்பே 1949இல் வெளிவந்த .22 கைத்துப்பாக்கிதான். அதன் வழிவந்த மார்க் வரிசையைப் பிரித்துத் துடைத்தபின் மீண்டும் பூட்டுவது பல ஆண்டுகளாக உரிமையாளர்களின் பொறுமையைச் சோதித்த வேலை. மார்க் 2 வைத்திருந்த காலத்தில், துடைக்க வேண்டுமே என்று அஞ்சியே நான் அதை அழுக்காக வைத்திருந்ததுண்டு. 2016இல் வந்த மார்க் 4இல் பின்புறப் பொத்தானை அழுத்தினால் மேற்பகுதி கீல்போல் மடங்கித் தனியே வந்துவிடுகிறது. உதிரிபாகம் மாற்ற நினைப்பவருக்கு இந்த ஒரு வசதியே பாதிப் பணத்துக்குச் சமம். பழையதாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாதுகாப்பு நெம்புகோல் இரு நிலைகளுக்கும் நடுவில் நின்றால் துப்பாக்கி வெடிக்க வாய்ப்புண்டு என்பதால், 2017 ஜூன் 1ஆம் தேதிக்கு முன் தயாரான மார்க் 4 துப்பாக்கிகளை நிறுவனம் திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. கையிலுள்ளது சரிசெய்யப்பட்டதா என்பதை வரிசை எண்ணைக் கொண்டு உறுதிசெய்துகொள்வது கட்டாயம்.

அந்த வரிசை எண் பிடியில் இல்லாமல் குழலோடு கூடிய மேற்பகுதியில் இருப்பது இத்துப்பாக்கியின் தனித்தன்மை. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் மேற்பகுதியே துப்பாக்கி. அதை மட்டும் தனியாக வாங்கினாலும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனையைக் கடந்துதான் பெற வேண்டும். விசை, சுத்தியல் போன்ற உள்ளுறுப்புகளோ சாதாரண அஞ்சலில் வீட்டுக்கே வந்துவிடும். எண்ணில்லாத அரைகுறைச் சட்டகத்தை வாங்கி வீட்டில் முடித்துக்கொள்ளும் தொகுப்புகளின் பக்கம் நான் போகவில்லை. அவற்றுக்கான 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதியை 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அது ஒருபுறமிருக்க, போட்டிக்கு வேண்டிய நம்பகத்தன்மை ஆலையில் முடிந்த துப்பாக்கியில்தான் கிடைக்கும் என்பது என் கருத்து.

நான் மாற்றியவற்றில் முதன்மையானது அயோவா மாநிலத்து வோல்குவார்ட்சன் நிறுவனத்தின் விசைத் தொகுப்பு. விசை, சுத்தியல், சுத்தியலைப் பிடித்துவைத்து விடுவிக்கும் சியர் ஆகியவை அதில் ஒன்றாக வருகின்றன. ஆலையிலிருந்து வந்தபோது விசையை இழுக்க ஏறத்தாழ 2.2 கிலோ அளவு இழுப்பு தேவைப்பட்டது. மாற்றியபின் என் தராசு ஒரு கிலோ அளவில் காட்டுகிறது. இந்த எண்ணைவிட முக்கியமானது இழுப்பின் தன்மை. முன்பு மணலில் இழுப்பதுபோல் நகர்ந்து, எப்போது விடும் என்று தெரியாமலிருந்த விசை, இப்போது ஓரிடத்தில் நின்று, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விடுகிறது. ஓட்டமொன்றுக்குக் கால் நொடி குறைந்ததென்றால் அதில் பெரும்பகுதி இதனால்தான். உள்ளுறுப்புகளை மாற்றிய பிறகு, தோட்டாவின்றிப் பாதுகாப்பு நெம்புகோலையும் சியரின் பிடிப்பையும் பலமுறை சோதிக்காமல் மைதானத்துக்குப் போகக் கூடாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அதே நிறுவனத்தின் சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியும் விலைக்குத் தகுந்ததே. ஆலைக் கொக்கியோடும் பெரிய சிக்கல் இருந்ததில்லை. ஆனால் அழுக்கேறிய பிறகு, ஒரு பெட்டித் தோட்டாவுக்கு ஒருமுறையாவது கூடு சிக்கும் நிலை இருந்தது, அது நின்றுவிட்டது.

எல்லாம் இப்படி முடியவில்லை. இழுப்பை இன்னும் மென்மையாக்கும் என்று நம்பி, ஒரு சிறு விற்பனையாளரிடம் வலுக்குறைந்த சுத்தியல் சுருளை (ஸ்பிரிங்) வாங்கிப் பொருத்தினேன். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருப்பதால், சுத்தியல் தட்டும் ஊசிமுனை அந்த விளிம்பை அழுத்தமாக நசுக்கினால்தான் வெடிக்கும். வலுக்குறைந்த சுருள் அதற்குப் போதவில்லை. ஒரு போட்டியில் மூன்று தோட்டாக்கள் வெறும் தழும்போடு வெளியே வந்தன, அன்றைய ஓட்டம் போயிற்று. பழைய சுருளைத் திரும்பப் போட்டதும் சிக்கல் மறைந்தது. அந்தச் செலவு என் பேராசைக்கான வரி.

மேலே வோர்டெக்ஸ் வெனம் சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பானைப் பொருத்தியிருக்கிறேன். அதன் 3 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி 25 கஜத்தில் சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். தகடுகளுக்கு அது போதும், காகித இலக்கில் நுட்பமாகச் சுடுபவருக்குப் பெரிதாகத் தோன்றக்கூடும். துப்பாக்கி வெறுமையாக 25 அவுன்ஸ், அதாவது சுமார் 700 கிராம்தான். இந்த லேசான எடை தகடுகளுக்கிடையே கை நகர்வதற்கு உதவுகிறது. ஆனால் ஒரு கையில் நிதானமாகச் சுடும்போது குழல்முனை தடுமாறுகிறது. நிதானப் போட்டிக்கு வாங்குபவர்கள் இதே வரிசையின் கனத்த எஃகுக் குழலுள்ள மாதிரியையே பார்க்க வேண்டும்.

பிடியின் பக்கத் தகடுகளை மாற்றியது கண்ணுக்கு அழகு, அவ்வளவே. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினின் அடிப்பகுதிக்கு டேண்டம்கிராஸ் நிறுவனம் தரும் தடித்த மூடி அப்படியல்ல. வேகமாகச் செருகும்போது உள்ளங்கைக்கு இடம் கிடைக்கிறது. போட்டியின் ஒரு கட்டத்தில் பெரும்பாலும் ஓட்டங்கள் ஐந்து என்பதால் நிரப்பிய மேகசின்களும் ஐந்து வேண்டும். பெட்டியில் வருபவை இரண்டே. முதலில் வாங்க வேண்டியது மீதி மூன்றைத்தான், விசையெல்லாம் பிறகு.