வேன் அனுப்பும் மென்பொருள்: காலைக்கு நான்கு நட்சத்திரம், பிற்பகலுக்கு இரண்டு

வெள்ளவத்தையில் என் வீட்டு முன் அறைதான் அலுவலகம். மூன்று வேன்கள் அவிசாவளைப் பக்கம் ஓடுகின்றன. புவக்பிட்டிய, கொஸ்கம தோட்டங்களிலிருந்து மஹரகமவுக்கும் கொழும்புக்கும் கிளினிக் வருகிறவர்களே அதிகம். முதல் நாள் மாலை 5 மணிக்குள் அழைத்தால் மறுநாள் வேன் வரும். 11 வருடம் இதைச் சி.ஆர். கொப்பியில், அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டில், ஓட்டினேன். எட்டு மாதமாக ஒரு வெளிநாட்டு மென்பொருள். பெயரைக் கேட்காதீர்கள், சந்தா இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது.

ஒரே வேனில் ஆட்களைச் சேர்ப்பதில் அது கெட்டிக்காரன். ஹங்வெல்லையில் ஒருவரை வழியில் ஏற்றினால் ஏற்கெனவே இருப்பவர்கள் எத்தனை நிமிடம் கூடுதலாக உட்கார வேண்டும் என்பதை உடனே காட்டிவிடுகிறது. நான் இரவு 9 மணிவரை அழித்தழித்து எழுதிய வேலை அது. முன்பு மூன்று வேன் போன காலைகளில் இப்போது பெரும்பாலும் இரண்டு போதும். 2022இல் தட்டுப்பாட்டால் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது லீற்றர் லீற்றராக எண்ணப் பழகியவனுக்கு இது சின்ன விஷயமல்ல.

பிற்பகல்தான் தலைவலி. திரும்பும் நேரத்தைக் கேட்டு அடம்பிடிக்கிறது. கிளினிக் வரிசை எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்? குறித்த நேரத்துக்குப் பின் ஐந்து நிமிடம் பார்த்து, 'வரவில்லை' என்று பதிந்துவிடும். மூன்று முறை அப்படிப் பதிந்தால் அந்த ஆளுக்கு அதன்பின் வேன் பதியவே முடியாது. மருந்து வாங்க நின்ற ஒரு வயோதிபருக்கு அப்படி நடந்தது. நேரத்தைத் திறந்து வைக்கும் வசதி எங்கோ ஒரு மூலையில் இருப்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஆனால் அப்படி வைத்தவர்களை அது ஒன்றாகச் சேர்ப்பதில்லை. ஆகவே பகல் சாப்பாட்டுக்குப் பின் மறுபடியும் கொப்பி. களனி கங்கை பெருகி லோ லெவல் வீதி மூழ்கினால் காலையிலும் கொப்பிதான்.

முகவரி இன்னொரு கூத்து. வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. "அம்மன் கோயிலுக்கு மேலே, குழாயடி லயம், மூன்றாவது கதவு" என்று தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கும் ஓர் ஆச்சி சொல்வதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வரைபடத்தில் நானே புள்ளி வைத்தேன். வேனை இறப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அனுப்பிவிட்டது. சாரதி பின்பக்கமாகவே வந்து சேர்ந்தார், அன்று என்னோடு பேசவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். அருகிலுள்ள சந்தியின் பெயரைப் போடச் சொன்னார்கள். இப்போது என் பயணிகளில் 17 பேர் ஒரே சந்தியில் குடியிருக்கிறார்கள்.