திட்டு எந்த மணி நேரத்தில் வருகிறது? எல்டன் ரிங், விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3: ஓர் ஒப்பீடு

மாயாஜால உலகில் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் இந்த மூன்று வீடியோ கேம்களுமே ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் ஆண்டின் சிறந்த கேம் என்று பரிசு வாங்கியவை. விட்சர் 3 வாங்கியது 2015-ல், எல்டன் ரிங் 2022-ல், பால்டர்ஸ் கேட் 3 2023-ல். மூன்றையும் திட்டித் தீர்த்தவர்களுக்கும் குறைவில்லை. பெங்களூரில் எந்த ஐடி கம்பெனி கேன்டீனிலும் நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மேஜையில் “எதை வாங்கலாம் மச்சி?” என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் வேறு வேறு பதில் சொல்வார்கள், நாலும் சரியாகத்தான் இருக்கும்.

அதனால் எத்தனை ஸ்டார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஆடுபவர்கள் எத்தனையாவது மணி நேரத்தில் திட்டுகிறார்கள் என்று பாருங்கள். எல்டன் ரிங்குக்கு முதல் ஐந்து மணி நேரத்தில் திட்டு விழும், கெட்ட வார்த்தையோடு. விட்சருக்கு முதல் பத்து மணி நேரத்தில் விழும். அதில் கோபத்தைவிட அலுப்பு அதிகம். பால்டர்ஸ் கேட்டில் அடியோ பேச்சோ பலிக்குமா என்று முடிவு செய்யும் பகடையை முதல் நாளே திட்டுவார்கள். கேமையே திட்டுவது கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான்.

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் ரிஃபண்ட் கேட்க, வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடியது 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்த 2 மணி நேரத்தில் எல்டன் ரிங் தன் முழு முகத்தையும் காட்டிவிடும். பிடிக்கவில்லை என்றால் தைரியமாகத் திருப்பிக் கொடுக்கலாம். பால்டர்ஸ் கேட்டில் பாதி நேரம் பாத்திரத்துக்கு மூக்கும் முடியும் தேர்வு செய்வதிலேயே போய்விடும், மீதி கதை தொடங்கும் பறக்கும் கப்பலில். லேப்டாப்பைத் திணறடிக்கும், கதையின் மூன்றாம் பாகம் வரும்போது ரிஃபண்ட் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

எல்டன் ரிங்

இதில் கஷ்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அமைப்பே கிடையாது. ‘அநியாயம்’ என்று ஒரு கூட்டமும் ‘இதுதான் அழகு’ என்று இன்னொரு கூட்டமும் 2022 பிப்ரவரி 25 முதல் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். ஆனால் ஆரம்பத்தில் கேமை மூடிவைத்தவர்கள் பலரிடம் கேட்டால், தவறு ஒரே இடத்தில் இருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்ததும் தங்கக் கவசத்தில் குதிரைமேல் நிற்கும் ட்ரீ சென்டினலோடு மோதியிருப்பார்கள். அவன் உங்களுக்காக அங்கே நிற்கவில்லை, பத்து லெவல் கழித்து வரப்போகும் உங்களுக்காக நிற்கிறான். சுற்றிப் போய்விடலாம். முன்னால் வருவதையெல்லாம் அடித்துத்தான் தாண்ட வேண்டும் என்று வேறு கேம்கள் பழக்கிவிட்ட கை இதில் சூடு படும்.

தொடங்கும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் குகைக்குள் இருக்கும் பள்ளத்தில் குதியுங்கள்; பயிற்சிப் பகுதி அங்கேதான். வெளியான புதிதில் பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டு ‘ஒன்றுமே சொல்லித்தரவில்லை’ என்று எழுதினார்கள். பிறகு சர்ச் ஆஃப் எல்லே, அங்கிருந்து கேட்ஃப்ரண்ட் என்று வழியிலுள்ள கிரேஸ்களை (ஓய்வெடுக்கும் ஒளிப் புள்ளிகள்) தொட்டுக்கொண்டே போனால் மெலினா என்ற பெண் வந்து டோரண்ட் என்ற குதிரையைத் தருவாள். குதிரை கிடைத்ததும் எல்லே சர்ச்சுக்குத் திரும்புங்கள். உயரத் தொப்பி போட்ட ரென்னா என்ற சூனியக்காரி ஒரு மாய மணி தருவாள், அதை ஆட்டித் துணைக்கு ஓநாய்களை அழைக்கலாம். திரும்பிப் போகத் தெரியாமல் துணையே இல்லாமல் இருபது மணி நேரம் ஆடியவர்களின் புலம்பல் தனி ரகம்.

அடுத்தது ஆயுதம். தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் சுரங்கத்தில், ஆயுதத்தின் பலத்தைக் கூட்டும் ஸ்மிதிங் ஸ்டோன் கிடைக்கும். முதல் படிக்கு 2, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 6, ஆக 12 கல் இருந்தால் எல்லே சர்ச் பட்டறைக்கல்லிலேயே ஆயுதத்தை +3 ஆக்கிவிடலாம். லெவல் ஏற்றும்போது வலிமையில் கொட்டாமல் முதலில் உயிர் அளவைக் கூட்டும் விகரை 20 வரை கொண்டுபோங்கள். ஒரே அடியில் சாகாமல் இருந்தால்தான் எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்கவாவது முடியும். கவசமும் ஆயுதமும் சேர்ந்த சுமை, நீங்கள் தாங்கக்கூடியதில் 70 சதவீதத்தைத் தொடக் கூடாது. தொட்டால், அடியிலிருந்து தப்ப உருள்வதற்குப் பதில் மூட்டை விழுவதுபோலப் பொத்தென்று விழுவீர்கள்.

ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பெரிய எதிரி நிற்பான். அதிகம் பேர் திட்டுவது இவனைத்தான், ஏனென்று கிட்டே போய்ப் பார்ப்போம். கையிலுள்ள தடியைத் தலைக்கு மேல் தூக்குவான். உங்கள் விரல் உருளும் பட்டனை அழுத்திவிடும். அவனோ தூக்கிய தடியோடு ஒரு கணம் அப்படியே நிற்பான். உருளும்போது தொடக்கத்துத் துளி நேரம்தான் அடி படாது. நீங்கள் உருண்டு எழும் அந்தக் கணத்தில் தடி இறங்கும். ‘பட்டன் வேலை செய்யவில்லை, லேக்’ என்ற புகாரில் பாதி இதுதான். தடி மேலே போவதைப் பார்த்து உருளாதீர்கள், கீழே இறங்கத் தொடங்கும்போது உருளுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் மர்க்வாட்டர் குகையில் பேட்ச்சஸ் என்பவன் 5,000 ரூனுக்கு (கேமின் நாணயம்) மார்கிட்டின் விலங்குச் சங்கிலியை விற்பான். சண்டையின் முதல் பாதியில் அவனைத் தரையோடு கட்டிப்போடும், இரண்டு தடவை பலிக்கும்.

2024 ஜூன் 21-ல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ விரிவாக்கத்துக்கும் இதே கதைதான். முதல் சில நாட்கள் ஸ்டீம் விமர்சனங்களில் ‘மிக்ஸட்’ (கலவையான கருத்து) என்றே நின்றது. 150 லெவலோடு வந்தவர்கள் இரண்டு அடியில் செத்தார்கள். காரணம், அந்த நிலத்தில் பலம் ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதில் இருக்கிறது. பழைய லெவலை மட்டும் நம்பினால் போதாது. ஒரு வாரத்துக்குள் கேமை உருவாக்கிய கம்பெனியே இறங்கிவந்து ஆரம்பத் துண்டுகளின் பலனைக் கூட்டியது. கணினியில் படம் திக்கித் திக்கி ஓடியது பற்றிய புகாரும் அந்த மதிப்பெண்ணில் கலந்திருந்தது, அது நியாயமான புகார்.

பால்டர்ஸ் கேட் 3

தாயக்கட்டை உருட்டிப் பழகிய நமக்கு இந்தப் புகார் புதிதில்லை. தாயம் விழாவிட்டால் கட்டையைத்தானே திட்டுவோம்? ‘95 சதவீதம் என்று காட்டிவிட்டு மிஸ் ஆகிறது’ என்பது இந்த கேமின் தேசிய கீதம். கணக்கைப் பாருங்கள். நாலு பேர் கொண்ட குழு, ஐந்து சுற்று, மொத்தம் 20 அடி. ஒவ்வொன்றும் 95 சதவீதமாகவே இருந்தாலும் அந்தச் சண்டையில் ஒரு தடவையாவது தவறும் வாய்ப்பு 64 சதவீதம். தவறியது மட்டும்தான் மனதில் நிற்கும்.

பகடையை நொந்துகொள்ளாமல் எண்ணை மாற்றுவதுதான் வழி. எதிரியின் ஏசி (தற்காப்பு எண்) 15, உங்கள் கூட்டெண் +5 என்றால் 20 முகப் பகடையில் 10-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். அட்வான்டேஜ் கிடைத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பீர்கள். அதே அடி கிட்டத்தட்ட 80 சதவீதமாகிவிடும். ஒளிந்திருந்து அடித்தால், விழுந்து கிடப்பவனைப் பக்கத்திலிருந்து அடித்தால் அது கிடைக்கும். மேடான இடத்தில் நின்று அம்பு விட்டால் +2 சேரும். பேச்சிலும் இப்படித்தான். இலக்கு 15, கூட்டெண் +3 என்றால் 45 சதவீதம். உங்கள் தோழி ஷேடோஹார்ட்டை கைடன்ஸ் என்ற மந்திரம் போடச் சொன்னால் 57.5. இலவச மந்திரம், ஒவ்வொரு தடவையும் போடுங்கள். அமைப்பில் ‘கார்மிக் டைஸ்’ என்று ஒன்று தானாகவே ஆனில் இருக்கும். தொடர்ந்து தோற்பதையும் தொடர்ந்து ஜெயிப்பதையும் அது உடைக்கும். சுத்தப் பகடை வேண்டும் என்பவர்கள் அணைத்துவிடலாம்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. தலைக்குள் புழு, சீக்கிரம் உருமாறிவிடுவீர்கள் என்று கதை மிரட்டுவதை நம்பிப் பலர் இரவு ஓய்வே எடுப்பதில்லை. தோழர்களின் காட்சிகள் பெரும்பாலும் முகாமில் தூங்கும்போதுதான் வரும். தூங்காமல் ஓடியவர்கள் ‘பாத்திரங்களில் ஒன்றுமே இல்லையே’ என்று குறை சொல்வார்கள். பேலன்ஸ்ட் என்ற நடுத்தர நிலையில் ஓர் ஓய்வுக்கு 40 சப்ளை (உணவு), கடினமான டாக்டிஷியனில் 80. வழியில் கிடக்கும் உணவை அள்ளிப் போட்டுக்கொண்டால் தட்டுப்பாடே வராது. தீப்பிடித்த விடுதி, விஷப் புகையில் மாட்டியவர்கள் போன்ற சில இடங்களில் மட்டும், போய்த் தூங்கிவிட்டு வந்தால் காரியம் கைமீறிப் போயிருக்கும். பாத்திரத்தின் வகுப்பை (போர்வீரன், மந்திரவாதி போன்றவை) தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டாம். முகாமில் நிற்கும் விதர்ஸிடம் 100 பொற்காசு கொடுத்தால் மாற்றித் தருவான்.

மூன்றாம் பாகம் பற்றிய திட்டில் உண்மை உண்டு. நகரத்துக்குள் நுழைந்ததும் தெருவெங்கும் ஆட்கள். அத்தனை பேரின் நடமாட்டத்தையும் பிராசஸர்தான் கணக்குப் போட வேண்டும். கிராபிக்ஸ் அமைப்பைக் குறைத்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஏறவில்லையே என்று குழம்புவது இதனால்தான். அங்கே மட்டும் எஃப்பிஎஸ்ஸை 30-ல் பூட்டுங்கள். குறைவாக இருந்தாலும் சீராக ஓடுவது கண்ணுக்கு இதம். முடிவு பாதியில் நிற்கிறது என்ற புகாருக்கு கேமை உருவாக்கிய லேரியன் நிறுவனம் 2023 நவம்பர் 30-ன் ஐந்தாம் பேட்ச்சில் (திருத்தப் பதிப்பு) ஒரு முடிவுரைக் காட்சியே சேர்த்தது. அதற்கு முன் எழுதிய விமர்சனம் என்றால் அந்தக் குறையைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

விட்சர் 3

இதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான், பிரச்சினைகளும் கொஞ்சம்தான். ‘கதை பிரமாதம், கை கால் மட்டும் எருமை திரும்புவதுபோலத் திரும்புகிறது’ என்பது பழைய குறை. கேம்ப்ளே அமைப்பில் நடை முறையை ‘ஆல்டர்நேட்டிவ்’ ஆக்கினால் தொண்ணூறு சதவீதம் சரியாகும். திறன் புள்ளியைச் செலவழித்தும் பலன் தெரியவில்லை என்றால், அந்தத் திறனைக் கட்டத்தில் பொருத்தியிருக்க மாட்டீர்கள். பொருத்தினால்தான் வேலை செய்யும். தொடக்கப் பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டில் ஆறு சக்தித் தலங்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி தரும். ஆறையும் எடுத்துவிட்டுத்தான் அடுத்த பகுதியான வெலனுக்குப் போக வேண்டும். பிளடி பேரன் கதை வரும்வரை பொறுத்தவர்கள் அதன்பின் கேமை விடுவதில்லை. வரைபடத்தில் ஸ்கெல்லிகே கடலில் மிதக்கும் கேள்விக்குறிகளையெல்லாம் திறப்பவர்களுக்கு அலுப்பு வந்தால் பழியை விட்சர் மேல் போடக் கூடாது.

2022 டிசம்பரில் வந்த இலவசப் புதுப்பிப்புக்குப் பிறகு டைரக்ட்எக்ஸ் 12 என்ற கிராபிக்ஸ் முறையில் திக்குகிறது என்பவர்கள் லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுக்கலாம். ரே டிரேசிங் (நிஜம்போன்ற ஒளி நிழல்) போகும். நடுத்தர லேப்டாப்பில் அதை எப்படியும் போடப் போவதில்லை.

பெங்களூர் அறையில்

பால்டர்ஸ் கேட் 150 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டியில். எல்டன் ரிங் 60 ஜிபி. 40 எம்பிபிஎஸ் வைஃபை முழுதாகக் கிடைத்தாலே 150 ஜிபிக்கு எட்டு மணி இருபது நிமிடம் ஆகும். பிடிஎம் லேஅவுட் பிஜியில் பத்து பேர் பங்கு போடும் வைஃபை என்றால் வார இறுதியே போய்விடும். அறை நண்பனிடமும் அதே கேம் இருந்தால் ஸ்டீமின் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை ஆன் செய்து அவன் கணினியிலிருந்தே இழுத்துக்கொள்ளுங்கள், இன்டர்நெட் டேட்டா தொடாது. எல்டன் ரிங் குறைந்தது 12 ஜிபி ரேம் கேட்கும். 8 ஜிபி லேப்டாப் என்றால் எஸ்பி ரோட்டில் இன்னொரு குச்சி ரேம் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கேமை வாங்க வேண்டும்.

தமிழ் சப்டைட்டில் மூன்றிலும் இல்லை. எல்டன் ரிங்கில் வசனம் குறைவு, படிக்காமலும் ஆடலாம். மற்ற இரண்டிலும் ஆங்கிலத்தை ஓட்டமாகப் படிக்க முடிய வேண்டும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது ஆடுகிறீர்கள் என்றால், பால்டர்ஸ் கேட் அமைப்பில் நிர்வாணத்தை மறைக்கும் வசதி உண்டு. ஆன் செய்துவிட்டு உட்காருங்கள்.

வேலை முடிந்து, சில்க் போர்டு டிராபிக்கைத் தாண்டி வந்து, ராத்திரி ஒன்றரை மணி நேரம்தான் ஆட முடியும் என்பவருக்கு முதல் தேர்வு விட்சர். ஒரு கான்ட்ராக்ட்டை (கூலிக்கு அரக்க வேட்டை) உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டுத் தூங்கலாம். பால்டர்ஸ் கேட்டில் பெரிய சண்டை ஒன்றே முக்கால் மணி நேரம் இழுக்கும், ஆனால் நடுச் சண்டையிலும் எஃப் 5 தட்டிச் சேவ் செய்யலாம்; ஹானர் மோடு என்ற மிகக் கடின நிலையில் மட்டும் சேவ் ஒன்றே ஒன்றுதான். வார இறுதியில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆட அதை விட்டால் வேறில்லை. தோற்றால் ரோஷம் வரும் ஆள் என்றால் எல்டன் ரிங். செத்தால் ரூன் கீழே விழும், எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் போயே போச்சு. அது வயிற்றெரிச்சலாக இருக்குமா, வெறியேற்றுமா என்பதை முதல் இரண்டு மணி நேரத்திலேயே தெரிந்துகொள்வீர்கள்.

எல்டன் ரிங்கில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டன் கிடையாது, வாசலில் டெலிவரி ஆள் நின்றாலும் மார்கிட் நிற்க மாட்டான். ஒரு குறுக்கு வழி உண்டு. தனியாக ஆடும்போது இன்வென்ட்ரியைத் திறந்து, உதவிப் பட்டனை அழுத்தி, ‘மெனு எக்ஸ்பிளனேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த விளக்கப் பெட்டி திரையில் இருக்கும்வரை எல்லாம் உறைந்து நிற்கும். கரண்ட் போனால் அதுவும் கை கொடுக்காது. கேம் இடைவிடாமல் சேவ் எழுதிக்கொண்டே இருப்பதால் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. விண்டோஸின் ஆப்டேட்டா ரோமிங்கில் எல்டன்ரிங் என்ற ஃபோல்டரில் எஸ்எல்2 என்று முடியும் கோப்பும், அதன் பக்கத்திலேயே பேக் என்று முடியும் நகலும் இருக்கும். முதலாவது திறக்காவிட்டால் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, நகலின் பெயரிலுள்ள கடைசி ‘புள்ளி பேக்’கை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.